மேற்கோள் குறிக்குள் ஓர் 'ஆம்'

ஜாவா மொழியில் இரண்டு ட்ரூ உண்டு. ஒன்று மதிப்பு. ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று, அவ்வளவுதான். அதற்கு எழுத்து கிடையாது. இன்னொன்று டி, ஆர், யூ, ஈ என்ற நான்கு எழுத்துகளைக் கோத்து மேற்கோள் குறிக்குள் வைத்த சொல். முதலாவதைப் பூலியன் என்போம், இரண்டாவதை ஸ்டிரிங் என்போம். திரையில் அச்சிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பன்னிரண்டு வருஷமாக எனக்குப் பிழைப்பு ஜாவாதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "அண்ணா, கண்டிஷன் சரியாத்தான் இருக்கு, ஆனா உள்ளே போகவே மாட்டேங்குது" என்று வந்து நின்றால் பாதி நேரம் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமான தொந்தரவு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இதே கேள்வி கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையிலும் இருக்கிறது. அங்கே ஒரு சாதிப்பெயரையும் ஒரு மாவட்டப் பெயரையும் சட்டப் பட்டியலோடு ஒப்பிட்டு வரும் ஆம், இல்லையை வைத்துத்தான் ஒரு பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பது முடிவாகிறது. கணினிக்காரர்கள் முப்பது வருஷத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை வைத்து அந்த மலையின் கதையைப் பார்த்தால் சில விஷயங்கள் துலக்கமாகின்றன.

எழுத்து இல்லாத ஆம்

ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் 1847ல் ஒரு சிறுநூலும் 1854ல் சிந்தனையின் விதிகளைப் பற்றிய பெருநூலும் எழுதினார். தர்க்கத்தை இயற்கணிதமாக எழுத முடியும் என்பது அவர் கண்டது. ஒன்றைத் தன்னாலேயே பெருக்கினால் அதுவே வரவேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்தார். சாதாரண எண்களில் அதற்குப் பொருந்துபவை பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே. 1930களின் இறுதியில் கிளாட் ஷானன் இந்த இயற்கணிதத்தை மின்சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். அதற்குப் பிறகு வந்த கணினிகள் எல்லாம் அந்த அடித்தளத்தின்மேல் நிற்கின்றன.

ஆனால் நிரல்மொழிகள் பூலுக்கு உடனே தனி இடம் கொடுத்துவிடவில்லை. 1970களில் பிறந்த சி மொழியில் 1999 வரை பூலியன் என்றொரு தனி வகையே இல்லை. பூஜ்யம் என்றால் இல்லை, வேறு எந்த எண்ணானாலும் ஆம். 1995ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா இந்த இடத்தில் கறாராக இருந்தது. அதில் நிபந்தனை கேட்கும் இடத்தில் எண் வைத்தால் ஏற்காது, சொல் வைத்தாலும் ஏற்காது. பூலியன் ட்ரூவையும் "ட்ரூ" என்ற சொல்லையும் சமக்குறி போட்டு ஒப்பிட்டால், நிரலை ஓடவிடுவதற்கு முன்பே கம்பைலர் 'இவை இரண்டும் ஒப்பிடத்தக்கவை அல்ல' என்று நிறுத்திவிடும். வாசலிலேயே நிற்கும் காவலாளி மாதிரி.

காவலாளி இல்லாத பக்கம்

வலை வந்தபோது அந்தக் காவலாளிக்குத் தெரியாமல் ஒரு பின்வாசல் திறந்தது. இணையப் படிவத்தில் நாம் நிரப்புவது எல்லாமே எழுத்தாகத்தான் சர்வருக்குப் போகிறது. வயது 17 என்று போட்டால் போவது ஒன்று, ஏழு என்ற இரண்டு எழுத்துகள். 'ஆம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போவதும் சொல்தான். பூலின் ஆம் அந்தக் கம்பியில் பயணம் செய்வதில்லை.

அந்தப் பக்கம் டெம்ப்ளேட் இருக்கிறது. பாதி அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. பெயர், தேதி வரும் இடங்களைக் காலியாக விட்டு, 'இப்படி இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டு' என்ற நிபந்தனைகளையும் எழுதி வைத்திருப்பார்கள். ஜாவா உலகில் 1999ல் ஜேஎஸ்பி வந்தது. 2002ல் ஜேஎஸ்டிஎல் என்ற குறிச்சொல் தொகுப்பும், அதோடு சிறிய வெளிப்பாட்டு மொழி ஒன்றும் வந்தன. ஜாவா தெரியாத பக்க வடிவமைப்பாளரும் எழுதவேண்டும் என்பது நோக்கம். அதனால் அந்த மொழியைத் தாராளமாகப் படைத்தார்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு வகை இருந்தால் அது கோபித்துக்கொள்ளாது, ஒன்றை இன்னொன்றாக மாற்றிப் பார்த்துக்கொள்ளும்.

மாற்றும் விதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒப்பிடும் இரண்டில் ஒன்று பூலியன் என்றால் மற்றதும் பூலியனாக மாற்றப்படும். "ட்ரூ" என்ற ஆங்கிலச் சொல் மட்டும் ஆம் ஆகும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை. வேறு எந்தச் சொல்லும் இல்லை ஆகும். வெற்றுச் சொல்லும் இல்லை. "எஸ்" என்று ஆங்கிலத்தில் போட்டாலும் இல்லை. விளைவு வேடிக்கையாக இருக்கும். "எஸ்" என்பது ஃபால்ஸுக்குச் சமமா என்று ஜேஎஸ்பி பக்கத்தைக் கேட்டால், சமம் என்று சொல்லும். "ட்ரூ" என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டாலும் போச்சு. நிபந்தனையின் அடைப்புக்குறி முடிந்த பிறகு கைதவறி ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டால், பூலியனாக இருந்தது சொல்லாக மாறி, அந்தச் சொல் ட்ரூ இல்லாமல் போய், பக்கம் எந்த அறிவிப்பும் இல்லாமல் இல்லை என்று முடிவு செய்யும்.

மற்றவர்கள் வேறு விதிகள் வைத்தார்கள். 2011ல் வந்த தைம்லீஃப் நேர் எதிர். அதன் நிபந்தனையில் "ஃபால்ஸ்", "ஆஃப்", "நோ" என்ற மூன்று ஆங்கிலச் சொற்கள் மட்டும் இல்லை. மற்ற எந்தச் சொல்லும் ஆம். அதே தைம்லீஃபை ஸ்பிரிங்கோடு சேர்த்து ஓட்டும்போது உள்ளே வேலை செய்வது ஸ்பிரிங்கின் வெளிப்பாட்டு மொழி. அதில் "ட்ரூ" என்ற சொல்லும் ட்ரூ என்ற மதிப்பும் சமமா என்று கேட்டால் இல்லை என்று சத்தமில்லாமல் சொல்லும். ஃப்ரீமார்க்கர் இன்னொரு மாதிரி. நிபந்தனையில் சொல்லை வைத்தால், 'பூலியன் கேட்டேன், நீ சொல் கொடுக்கிறாய்' என்று பிழை காட்டி நின்றுவிடும்.

ஒரு தமிழ்ப் படிவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'பழங்குடியினரா?' என்ற கேள்விக்கு ஒரு பெண் "ஆம்" என்று எழுதியிருக்கிறாள். அந்தச் சொல்லை அப்படியே நிபந்தனையில் வைத்தால் ஜேஎஸ்பிக்கு அது இல்லை. தைம்லீஃபுக்கு ஆம். ஃப்ரீமார்க்கர் நின்றுவிடும். இன்னொருத்தி "இல்லை" என்று எழுதினால்? ஜேஎஸ்பி இல்லை என்கும். தைம்லீஃபுக்கு அதுவும் ஆம்! எழுதியவள் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாள். ஒப்பிடுகிறவன் எந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கிறான் என்பதைப் பொறுத்து அவள் யார் என்பது மாறிவிடுகிறது.

இதோடு இன்னொன்று. படிவத்தில் டிக் செய்யும் சின்னப் பெட்டி இருக்கிறதே, அதை டிக் செய்யாமல் விட்டால் உலாவி "இல்லை" என்று அனுப்பாது. எதுவுமே அனுப்பாது. கேட்கவே இல்லையா, கேட்டும் சொல்லவில்லையா, இல்லை என்று சொன்னாளா என்பது சர்வருக்குத் தெரியாது. இந்த வெறுமையை ஜாவாவில் நல் என்போம். ஸ்பிரிங் இதற்காகவே பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு புலத்தை வைக்கிறது, 'இந்தக் கேள்வி கேட்கப்பட்டது' என்பதற்கான சாட்சியாக.

பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்

இனி மலைக்குப் போகலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை. பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்று இரண்டு பகுதிகளாகச் சொல்லப்படும் இந்த மலைத்தொடர் கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. இங்கே வாழும் மலையாளி என்ற பழங்குடியினர் நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகியோரின் ஜாகீர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள். சமவெளியில் ஜமீன்கள் 1948 சட்டத்தோடு ஒழிந்துகொண்டிருந்தபோதும் மலையில் ஜாகீர் தொடர்ந்தது. 1976ல்தான் அரசு நேரடியாக எடுத்துக்கொண்டது.

யார் பழங்குடி என்பதை அரசியலமைப்பின் 342வது பிரிவின்கீழ் வெளியான பட்டியல் முடிவு செய்கிறது. முதல் பட்டியல் 1950ல். அதை 1976ஆம் ஆண்டின் 108வது சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டுப் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி உண்டு: தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில். நிரல் எழுதுகிறவன் கண்ணுக்கு இது அப்பட்டமான ஒரு நிபந்தனை. சாதிப்பெயர் "மலையாளி" என்ற சொல்லுக்குச் சமமாக இருக்கவேண்டும், கூடவே மாவட்டம் இந்த ஆறு சொற்களில் ஒன்றாக இருக்கவேண்டும்.

இந்த ஆறில் கள்ளக்குறிச்சி இல்லை. இருக்கவும் முடியாது. தென்னார்க்காடு 1993ல் விழுப்புரம், கடலூர் என்று பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி பிரிந்தது. இன்று தென்னார்க்காடு என்ற பெயரில் மாவட்டமே கிடையாது. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டால் கல்வராயன் மலையில் ஒருவர்கூடப் பழங்குடி ஆகமாட்டார். அப்படி ஆகாமல் காப்பாற்றுவது அதே ஆணையின் மூன்றாவது பத்தி. மாவட்டம் என்று இதில் சொல்லியிருப்பதெல்லாம் 1976 மே 1ஆம் தேதி அந்த மாவட்டம் எப்படி அமைந்திருந்ததோ அதைக் குறிக்கும் என்கிறது அது. அதாவது, அங்கே எழுதியிருப்பது ஊரின் பெயர்; ஒப்பிடவேண்டியது அந்தத் தேதியில் இருந்த நிலத்தை. பெயர் எத்தனை முறை மாறினாலும் மலை அங்கேயேதான் இருக்கிறது. மதிப்பையும் சொல்லையும் பிரித்து வைத்த ஒரு நல்ல வரி என்று அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். எழுதியவர் யாரோ, பெரிய ஆள்.

ஆனால் அதே வரி இன்னொரு மலையில் கதவைச் சாத்துகிறது. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். ஈரோடு 1979ல்தான் தனி மாவட்டம் ஆனது. 1976 மே 1 அன்று அந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டம். ஆறு பெயர்களில் கோயம்புத்தூர் இல்லை. அதனால் சேலம் பக்கம் இருக்கும் மலையாளிக்குக் கிடைக்கிற பழங்குடிச் சான்றிதழ் பர்கூர் மலையாளிக்குக் கிடைப்பதில்லை. பல பத்தாண்டுகளாக அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மலையாளிகளே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நிபந்தனையின் இரண்டாவது பாதி பொய்யாகிவிடுவதால் முழு நிபந்தனையும் பொய்யாகிறது. பூலின் கணக்கில் ஒன்றைப் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம்தானே.

ஒரே எழுத்து, வேறு ஆள்

ஜாவா படிக்கும்போது முதல் மாதத்திலேயே ஒரு பாடம் வரும். இரண்டு ஸ்டிரிங்குகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், இரண்டும் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும். எழுத்துகள் ஒன்றா என்று பார்க்காது. எழுத்தைப் பார்க்க ஈக்வல்ஸ் என்ற தனி முறை உண்டு. கல்வராயன் மலையில் இந்தப் பாடம் தலைகீழாக வருகிறது. எழுத்து ஒன்றாக இருக்கும், ஆள் வேறு.

'மலையாளி' என்றால் சென்னையிலும் கோவையிலும் எவருக்கும் கேரளாக்காரர்தான் நினைவுக்கு வருவார். இங்கே அது மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வரும் தமிழ்ச்சொல். இவர்கள் பேசுவதும் தமிழ்தான். பெயருக்குப் பின்னால் கவுண்டர் என்ற பட்டம் வரும். கீழே சமவெளியில் அதே பட்டத்தைப் பழங்குடி அல்லாத பல சாதியினர் வைத்திருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்கள் மலைகளைப் பிரித்துக்கொண்டு குடியேறினார்கள் என்ற இவர்களின் மரபுக்கதையும், வேளாளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதும் பதிவாகியிருக்கின்றன. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒரு தாத்தா 'கவுண்டர்' என்றும், இன்னொருவர் 'வேளாளர்' என்றும், மூன்றாமவர் 'மலையாளி' என்றும் எழுதப்பட்டிருந்தால் மூவரும் பங்காளிகளாக இருக்கக்கூடும். எழுத்தை மட்டும் பார்க்கிறவருக்கு மூன்று சாதி.

ஆவணம் பழையதாக இருந்தால் மதிப்பு அதிகம் என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து சொல்லிவருவது. சுதந்திரத்துக்கு முந்தைய பதிவு என்றால் இன்னும் விசேஷம். ஆனால் 1976 வரை வரி வாங்கியது ஜாகீர்தார் என்ற மலையில், சமவெளிக்காரர் கையில் இருப்பதுபோலத் தாத்தாவின் பட்டாவும் பள்ளிச் சான்றும் எத்தனை வீட்டுப் பெட்டியில் இருக்கும்? கேள்வியே கேட்கப்படாத காலத்துக்கு இன்று பதில் கேட்கிறோம். டிக் செய்யாத பெட்டியின் வெறுமைதான் இது. அதை இல்லை என்று படிப்பது எளிது, தவறும்கூட.

உள்ளதை உள்ளபடி படி

இந்த ஒப்பீட்டை எவ்வளவு கறாராகச் செய்யவேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் பதில் 2000 நவம்பர் 28ல் வந்தது. மகாராஷ்டிர அரசு எதிர் மிலிந்த் என்ற வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு. பட்டியலில் 'ஹல்பா' இருக்கிறது; 'ஹல்பா கோஷ்டி' அதற்குள் அடங்குமா என்பது கேள்வி. பட்டியலை உள்ளது உள்ளபடி படிக்கவேண்டும், இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றுதான் என்று விசாரித்துச் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கும் இல்லை, நீதிமன்றத்துக்கும் இல்லை, நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில், அந்தச் சான்றிதழை வைத்து ஏற்கெனவே மருத்துவம் படித்து முடித்தவரின் பட்டத்தைப் பறிக்கவில்லை.

கறார்த்தனத்துக்குக் காரணம் இருக்கிறது. தாராளமாக ஒப்பிட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்துவிடலாம். போலிச் சான்றிதழ்கள் உண்மையான பழங்குடிப் பிள்ளைகளின் இடத்தைத் தின்றன. அதற்காகத்தான் 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் குழுக்களை அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழை வழங்குவதும் தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். "ஃபால்ஸ்", "ஆஃப்", "நோ" தவிர எல்லாமே ஆம் என்கும் தைம்லீஃப் விதியை இட ஒதுக்கீட்டில் வைக்க முடியாது என்பது எனக்கும் புரிகிறது.

கறாரின் விலையும் தெரிகிறது. மகாராஷ்டிரப் பட்டியலில் 'தங்கட்' இருக்கிறது. 'தங்கர்' என்ற பெருஞ்சாதியினர் அது எழுத்துப்பிழை, அது நாங்கள்தான் என்று வாதாடினார்கள். ஒரு மெய்யெழுத்து. மும்பை உயர் நீதிமன்றம் 2024ல் அதை ஏற்கவில்லை. சத்தீஸ்கரில் பரியா பூமியா என்ற பெயருக்கு புயின்யா, புயியான், புயான் என்ற உச்சரிப்பு வேறுபாடுகளைச் சேர்க்க 2023ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றவேண்டி வந்தது. நம் ஊரில் நரிக்குறவர், குருவிக்காரர் பெயர்கள் 37வது பதிவாகச் சேர்ந்த சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. ஓர் ஈக்வல்ஸ் வரியை மாற்ற இரு அவைகளும் குடியரசுத் தலைவரும் தேவைப்படுகிறார்கள்.

எங்கே மாற்றுவது

ஜாவாக்காரர்கள் இந்தச் சிக்கலிலிருந்து மெல்ல மெல்ல ஒரு வழக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டெம்ப்ளேட்டில் சொல்லை ஒப்பிடாதே. வெளியிலிருந்து வரும் சொல்லை வாசலிலேயே, ஒரே இடத்தில், எல்லாரும் பார்க்கும்படி பூலியனாக மாற்று. அதன் பிறகு உள்ளே மதிப்பு மட்டும் நடமாடட்டும். ஸ்பிரிங்கின் மாற்றியைப் பாருங்கள். ஆம் என்பதற்கு நான்கு சொற்கள், "ட்ரூ", "ஆன்", "எஸ்", "1". இல்லை என்பதற்கு நான்கு, "ஃபால்ஸ்", "ஆஃப்", "நோ", "0". வெற்றாக வந்தால் நல். இவற்றில் சேராத எந்தச் சொல் வந்தாலும் ஊகிக்காமல் பிழை என்று சொல்லி நிற்கும். "ஆம்" என்று தமிழில் கொடுத்தாலும் பிழைதான். ஆனால் அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் யாரோ ஒருவர் அந்தப் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு சொல்லைச் சேர்ப்பார். ஜேஎஸ்பி மாதிரி சத்தமில்லாமல் இல்லை என்று போய்விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கல்வராயன் மலைக்கும் இதையே கேட்கலாம் என்று நினைக்கிறேன். பட்டியல் கறாராகவே இருக்கட்டும். ஆனால் ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று விடைகள் இருக்கவேண்டும்: ஆம், காரணத்தோடு எழுதிய இல்லை, 'இந்தச் சொல் எனக்குப் பிடிபடவில்லை, வந்து விசாரிக்கிறேன்'. எழுதிய இல்லைக்கு மேல்முறையீடு உண்டு, வழக்கு உண்டு, பர்கூர் மாதிரி போராட்டமும் உண்டு. பதிலே வராமல் கிடக்கும் விண்ணப்பத்துக்கு இவை எதுவும் இல்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான கடைசித் தேதி வந்துவிட்டால் அந்த வெறுமை தானாகவே இல்லை ஆகிவிடும், யாரும் கையெழுத்துப் போடாமலேயே.

மே, ஜூன் மாதங்களில் வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பேருந்துகளில் பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களின் அப்பாக்களும் உட்கார்ந்திருப்பார்கள். போய்ச்சேரும் இடத்தில் ஒரு திரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், ஆமா, இல்லையா என்று. அந்தப் பெட்டிக்குப் பின்னால் ஒரு நிபந்தனையை யாரோ எழுதியிருப்பார்கள். அதற்கும் பின்னால் 1976ல் எழுதிய ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டையும் எழுதுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான், மலையேறிப் பார்க்காதவர்கள். வந்த சொல் பிடிபடவில்லை என்றால் நின்று கேட்கும்படியாவது அதை எழுதிவைக்கலாம்.